நைல் நதி கற்பித்த கணக்கு

கெய்ரோ நகரை ஒட்டி, நைல் நதியின் நடுவே ரோடா என்றொரு தீவு இருக்கிறது. அங்கே கிணறு போன்ற ஆழ்ந்த கட்டடத்தின் நடுவில், முழக்கணக்குப் பொறித்த சலவைக்கல் தூண் ஒன்று நிற்கிறது. கி.பி. 861-இல் அப்பாசியக் கலீபாவின் ஆணையால் எழுந்தது அது. வெள்ளம் எந்தக் கோடு வரையில் ஏறியது என்பதைப் பார்த்தே குடிகளின் வரி விதிக்கப்பட்டது. ஆகவே அளவுகளைத் தவறாமல் குறித்து வைத்தார்கள். வரி வாங்குவோரின் அக்கறை விஞ்ஞானத்துக்கு இத்துணை உதவியது வேறெங்கேனும் உண்டோ என்பது ஐயந்தான்! 622-இல் தொடங்கும் குறிப்புகளில், 1284 வரையிலான 663 ஆண்டுகளின் கணக்கு ஆராய்ச்சியாளர் பலரும் எடுத்தாளும் செல்வமாக இன்றும் விளங்குகிறது.

அச்செல்வத்தின் அருமையை உணர்ந்தவர் ஹரால்டு எட்வின் ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலேயர். 1906-இல் எகிப்துக்கு வந்தவர், வாழ்நாளின் பெரும்பகுதியை நைலுக்கே அர்ப்பணித்தார். அவர் முன் நின்ற வினா எளியது போலத் தோன்றும். மிகுந்த நீர் வரும் ஆண்டில் சேமித்து, குறைந்த நீர் வரும் ஆண்டில் வழங்கி, ஒரு நூற்றாண்டு முழுவதும் ஆண்டுதோறும் சராசரி நீரைத் தவறாமல் தர வேண்டுமானால் நீர்த்தேக்கம் எவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும்?

ஓராண்டின் வெள்ளத்துக்கும் மறு ஆண்டின் வெள்ளத்துக்கும் தொடர்பே இல்லை, யாவும் நாணயம் சுண்டுவது போலத் தற்செயலே என்று கொண்டால், தேக்கத்தின் அளவு ஆண்டுகளின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும். அதாவது, காலம் 100 மடங்கானால் தேக்கம் 10 மடங்கானால் போதும். ஹர்ஸ்ட் உண்மைக் கணக்கைப் பார்த்தார். அது இவ்விதிக்கு அடங்கவில்லை. வர்க்கமூலத்தின் அடுக்கு 0.5 அன்றோ? அவர் கண்ட அடுக்கு ஏறக்குறைய 0.73. அவ்வாறாயின் 100 மடங்கு காலத்துக்குச் சுமார் 29 மடங்கு தேக்கம் வேண்டும்! நைலோடு நிற்காமல் மழை, வெப்பநிலை, மர வளையங்கள், ஏரியடி வண்டல் அடுக்குகள் ஆகியவற்றையும் ஆராய்ந்தார். எங்கும் அதே போக்கு. 1951-இல் இம்முடிவை வெளியிட்டார்.

இதன் பொருள் என்ன? இயற்கைக்கு ஒருவகை நினைவு உண்டு. வெள்ள ஆண்டுகள் கூட்டமாக வருகின்றன. வறண்ட ஆண்டுகளும் அவ்வாறே. ஹர்ஸ்ட் இதைச் சீட்டுக் கட்டைக் கொண்டே ஆடிக் காட்டினார். கூட்டல் எண்களும் கழித்தல் எண்களும் எழுதிய சீட்டுகளில் ஒன்றை எடுத்து, அவ்வெண் எத்தனையோ அத்தனை பெரிய சீட்டுகளைப் பாதிக் கட்டில் கலந்து, எதிர்க்குறிச் சீட்டுகள் அத்தனையை நீக்கி, ஒரு ஜோக்கரையும் சேர்ப்பார். பின்னர் அந்தச் சாய்ந்த கட்டிலிருந்து சீட்டெடுத்துக் கொண்டே இருப்பார். ஜோக்கர் தலைகாட்டும் வரை அச்சாய்வே நீடிக்கும். தலைகாட்டியதும் எல்லாவற்றையும் கலைத்துப் புதிதாகத் தொடங்குவார். இவ்விளையாட்டும் ஏறத்தாழ அதே அடுக்கையே தந்தது. 1968-இல் மண்டெல்பிராட்டும் வாலிஸும் இத்தன்மைக்கு யோசேப்பின் பெயரைச் சூட்டினர். விவிலியத்தில் எகிப்துக்கு ஏழு செழித்த ஆண்டுகளையும் ஏழு பஞ்ச ஆண்டுகளையும் முன்னுரைத்தவர் அவரல்லவா?

வெப்பநிலைக்கு வருவோம். கார்டன் மேன்லி என்பவர் மத்திய இங்கிலாந்தின் பழைய குறிப்புகளைத் திரட்டி, 1659 தொட்டு மாதவாரிச் சராசரி வெப்பநிலையை அமைத்தார். 1690-களில் நெடுங்குளிர், 1730-களில் இதம், உடனே 1740, அத்தொடரிலேயே மிகக் குளிர்ந்த ஆண்டு. தொழிற்சாலைப் புகை உலகைச் சூழுமுன்னரே இத்தனை ஏற்றத்தாழ்வு!

ஏன் இப்படி அலைகிறது? 1976-இல் ஜெர்மானியரான கிளாவுஸ் ஹாசல்மன் ஒரு விடை கூறினார். நீரில் மிதக்கும் நுண்துகளைக் கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் நாற்புறமும் மோதுகின்றன. துகள் மெல்ல மெல்லத் தடுமாறி நெடுந்தூரம் சென்றுவிடுகிறது. அன்றாட வானிலையின் புயலும் வெயிலும் அம்மோதல்கள் போன்றவை; கனத்த கடல் அத்துகள் போன்றது. சிறு மோதல்களைக் கடல் தன்னுள் சேர்த்து வைத்துப் பல ஆண்டு ஏற்றமாகவும் இறக்கமாகவும் வெளியிடுகிறது. இம்முறையில் நினைவு விரைவில் தேய்ந்துவிடும். ஹர்ஸ்ட் கண்டதோ நீண்டு நிற்பது. எது பொருந்தும் என்பதில் அறிஞரிடையே வழக்கு உண்டு. ஹர்ஸ்ட் கண்டது நினைவே அன்று, சராசரியே இடையிடையே இடம் பெயர்வதன் விளைவு என்று வாதிப்போரும் உளர். என் கருத்தில், இவ்விரண்டையும் ஒரே தொடரிலிருந்து பிரித்தறிவது மிகக் கடினம்.

இவ்வழக்கு வெறும் ஏட்டுச் சண்டை அன்று. அடுக்கு 0.73 ஆயின், நூறு ஆண்டுகளின் சராசரிக்குத் தொடர்பற்ற சுமார் 12 ஆண்டுகளின் உறுதியே உண்டு. ஆகவே உலகம் சூடேறுவது மனிதர் செயலால் என்று நிறுவ முற்படுவோர், இயற்கை தானாக எவ்வளவு அலையும் என்பதைத் தாராளமாகவே மதிப்பிட வேண்டியிருந்தது. 1850–1900 காலச் சராசரியைவிட 2011–2020 காலச் சராசரி சுமார் 1.1 டிகிரி உயர்ந்துள்ளது. உயரம் மட்டுமல்லாமல் அதன் வடிவத்தையும் பார்க்க வேண்டும் என்று 1979-இல் ஹாசல்மன் வழி காட்டினார். கைரேகை கொண்டு ஆளை அறிவது போல, எங்கே சூடு ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்னும் கோலத்தைக் கொண்டு காரணத்தை அறியலாம். கரியமிலவாயு மிகுந்தால் கீழ்க்காற்று வெப்பமடைய, மேலேயுள்ள படுகை குளிர வேண்டும். கதிரவனே காரணமாயின் இரண்டும் சேர்ந்தே வெப்பமடையும். அளவீடுகள் முதற்கோலத்தையே காட்டின. 1995-இல் நாடுகளிடைக் குழுவின் அறிக்கை மனிதரின் செல்வாக்கு புலப்படுகிறது என்று கூறியது. ஹாசல்மனுக்கு 2021-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ரோடாத் தூண் இன்னும் நிற்கிறது. 1970-இல் அஸ்வான் உயரணை முடிந்தபின், பழைய ஆண்டு வெள்ளம் கெய்ரோவை எட்டுவதில்லை.