சமிஸ்தாத், தமிஸ்தாத், புதுச்சேரி 'இந்தியா'

சோவியத் காலத்துத் தலைமறைவுப் பதிப்புகளைப் பற்றிப் படித்தால் இரண்டு ரஷ்யச் சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று சமிஸ்தாத், அதாவது 'தானே பதிப்பித்தது'. தணிக்கைக்குப் போகாத எழுத்தை, கார்பன் தாள் அடுக்கித் தட்டச்சு செய்து, நாலஞ்சு படி எடுத்துக் கைமாற்றுவது. இன்னொன்று தமிஸ்தாத். தமிழுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரஷ்ய மொழியில் 'தாம்' என்றால் 'அங்கே'. எல்லைக்கு வெளியே அச்சடித்து உள்ளே கொண்டுவருவது. பாஸ்டர்நாக்கின் 'டாக்டர் ஷிவாகோ' 1957-ல் இத்தாலியில் வெளிவந்தது இந்த வகைதான்.

சொல்லில் சம்பந்தம் இல்லையே தவிர, அதே வேலை அதற்கு ஐம்பது வருஷம் முன்னாடியே நம்ம கடலூருக்குப் பக்கத்தில் நடந்திருக்கிறது.

'இந்தியா' வாரப் பத்திரிகை 1906 மே மாதம் சென்னையில் தொடங்கியது. எழுதியதும் நடத்தியதும் பாரதி. ஆனால் 1867-ஆம் வருஷச் சட்டப்படி அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரை மாஜிஸ்திரேட்டிடம் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவில் இருந்த பெயர் எம். சீனிவாசன். 1908-ல் ராஜத்துரோக வழக்கு வந்தபோது பிடிபட்டவர் அவர்தான். ஐந்து வருஷத் தண்டனை. பாரதி பாண்டிச்சேரிக்குப் போனார். மண்டயம் குடும்பத்தாரின் முயற்சியில் அச்சகமும் பின்னாலேயே போனது. 1908 அக்டோபரில் பத்திரிகை அங்கிருந்து மறுபடி வரத் தொடங்கியது.

ஏன் பாண்டிச்சேரி? அங்கே பிரெஞ்சு ஆட்சி. பிரான்சின் 1881-ஆம் வருஷப் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் அதன் காலனிகளுக்கும் பொருந்தும். கடலூரிலிருந்து இருபது கிலோமீட்டரை ஒட்டிய தூரம்தான். இந்தப் பக்கம் எழுதினால் சிறை, அந்தப் பக்கம் எழுதினால் கை வைக்க முடியாது.

சரி, அப்படிப் பாதுகாப்பான இடத்தில் இருந்த பத்திரிகை ஏன் ஒன்றரை வருஷத்தில் நின்றது? கணினித் துறையில் இருப்பவர்களுக்கு இது பழகிய கதை. சர்வரைத் தொட முடியாவிட்டால் நெட்வொர்க்கை அடைப்பார்கள். 'இந்தியா'வின் வாசகர்களில் பெரும்பாலானோர் பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்தார்கள். பத்திரிகை அவர்களிடம் போக வேண்டியதும் தபாலில், சந்தா வர வேண்டியதும் தபாலில். 1910 பிப்ரவரியில் வந்த இந்தியப் பத்திரிகைச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஜாமீன் தொகையைத்தான் சொல்வார்கள். புது அச்சகம் 500 முதல் 2000 ரூபாய் வரை கட்ட வேண்டும். ஆனால் அந்தப் பகுதி பாண்டிச்சேரி அச்சகத்தைத் தொடாது. சுங்க அதிகாரியும் தபால் அதிகாரியும் சந்தேகப்படும் கட்டுகளைப் பிடித்து வைக்கலாம் என்ற பகுதிதான் தொட்டது. 1910 மார்ச் 12-ஆம் தேதி இதழோடு 'இந்தியா' நின்றுபோனது. அச்சகத்துக்குள் ஒரு போலீஸ்காரர்கூட நுழைய வேண்டியிருக்கவில்லை.

இதை 'நடப்பு நிகழ்வுகளின் குறிப்பேடு' என்ற மாஸ்கோ சமிஸ்தாத் இதழோடு வைத்துப் பாருங்கள். 1968 ஏப்ரலில் தொடங்கியது. முதல் ஆசிரியர் நத்தாலியா கோர்பனேவ்ஸ்கயா 1969 டிசம்பரில் கைதானார். இதழ் நிற்கவில்லை. அடுத்தடுத்துப் பலர் கைதான பிறகும், நடுவில் இடைவெளி விட்டாவது, எண்பதுகளின் தொடக்கம் வரை வந்தது. ரகசியம் அதன் விநியோகத்தில் இருக்கிறது. செய்தி தர விரும்புகிறவர், தனக்கு இதழைக் கொடுத்தவரிடமே அதைக் கொடுக்க வேண்டும். அவர் தனக்குக் கொடுத்தவரிடம். சங்கிலி முழுவதையும் தேடிப் போனால் உளவாளி என்று நினைத்துவிடுவார்கள் என்று இதழே எச்சரித்தது. சந்தாதாரர் பட்டியல் கிடையாது, அச்சகம் கிடையாது, தபால் கிடையாது. வாசகரே அச்சகம். எதை வெட்டினாலும் மிச்சம் ஓடும். அதற்கு விலை படிப்பவர் தலையில்: கையில் ஒரு படி இருந்தாலே வழக்கு.

ரெண்டு ஆட்சியையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் தனியார் அச்சகமும் எதிர்ப்புப் பத்திரிகையும் சட்டப்படி இருக்க முடிந்தது. சோவியத்தில் அதுவும் இல்லை. நான் ஒப்பிடுவது வழிமுறையை மட்டும்.

பாரதிக்கும் தபால் வேண்டாத ஒரு வழி இருந்தது: பாட்டு. 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' இரண்டையும் 1911-ல் சென்னை அரசு தடை செய்தது. 1928-ல் பாட்டுப் புத்தகத்தையும் பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்துப் பேசினார். புத்தகத்தைப் பறிக்கலாம், மனப்பாடமாகிவிட்ட பாட்டை எந்தச் சுங்கச் சாவடியில் பிடிப்பது? அக்மதோவாவின் 'ரெக்வியம்' கவிதைகளையும் நண்பர்கள் வருஷக்கணக்கில் மனசுக்குள்தான் வைத்திருந்தார்கள்.

கடைசியாக, கடலூர். 1918 நவம்பர் 20-ஆம் தேதி, முதல் உலகப் போர் முடிந்த ஒன்பதாம் நாள், பாரதி எல்லையைத் தாண்டி வந்தார். கடலூர் அருகே கைது. மூன்று வாரத்துக்கு மேல் கடலூர் சிறை. டிசம்பர் 14-ல் விடுதலையானபோது போட்ட நிபந்தனைகளில் ஒன்று: எழுதுவதை வெளியிடும் முன் போலீஸின் ரகசியப் பிரிவுக்குக் காட்ட வேண்டும். பத்து வருஷமாகத் தபால் கட்டுகளில் தேடியதை இனிமேல் அவரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

மாஸ்கோவில் ஒவ்வொரு எழுத்தாளரும் பின்னால் சந்தித்த ஏற்பாடு இதுதான். அதை ஏற்க மறுத்தவர்கள்தான் கார்பன் தாளைக் கையில் எடுத்தார்கள்.