ஸ்டீவ் என்று கையெழுத்துப் போட்ட பெண்மணி

வேலைக்கு ஆள் எடுப்பதில் எது நியாயம்? கேம்பஸ் இண்டர்வியூ சீசன் வந்தாலே எல்லாக் கல்லூரிகளிலும் கிளம்பும் விவாதம் இது. "பெண்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம்" என்று ஏதாவது ஒரு ஐ.டி. கம்பெனி அறிவித்தால் பையன்கள் கொதிப்பார்கள். "இத்தனை காலம் எங்களை யார் கூப்பிட்டார்கள்?" என்று பெண்கள் திருப்பிக் கேட்பார்கள். கேட்கும்போது இரண்டு பேர் பேசுவதும் சரியாகத்தான் தெரியும்.

இதே சண்டை 1975-லேயே இங்கிலாந்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வந்துவிட்டது. அதில் வேடிக்கை என்னவென்றால், பெண்களைக் காப்பாற்றப் போட்ட சட்டமே பெண்களை மட்டும் வேலைக்கு எடுத்த கம்பெனியின் கையைக் கட்டியது! அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

கதாநாயகி பெயர் ஸ்டெஃபனி ஷர்லி. 1933-ல் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் பிறந்தவர். அப்பா யூதர், நீதிபதி. நாஜிகள் வந்ததும் அந்தப் பதவி போயிற்று. 1939-ல், யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், யூதக் குழந்தைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோன ரயில் ஒன்றில் ஐந்து வயது ஸ்டெஃபனியையும் அவருடைய அக்காவையும் பெற்றோர் ஏற்றி அனுப்பினார்கள். இங்கிலாந்தில் முன்பின் தெரியாத ஒரு தம்பதி அவர்களை எடுத்து வளர்த்தார்கள்.

படிப்பில் கணக்கு என்றால் உயிர். ஆனால் அவர் படித்த பெண்கள் பள்ளியில் அவர் விரும்பிய அளவுக்குக் கணக்குப் பாடமே இல்லை! சிறப்பு அனுமதி வாங்கி, பக்கத்து ஆண்கள் பள்ளிக்குப் போய்ப் படித்தார். பிறகு லண்டன் டாலிஸ் ஹில்லில் இருந்த தபால் துறை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மன் ரகசியச் செய்திகளை உடைக்க உதவிய கொலோசஸ் கம்ப்யூட்டரை உருவாக்கிய அதே இடம்தான். பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று ஆறு வருடம் ஓடிப் பட்டம் வாங்கினார். வேலை தெரியும், பட்டமும் வந்தாயிற்று. பதவி உயர்வு என்று வந்தால் மட்டும் பெண் என்பது குறுக்கே நின்றது.

சரி, நாமே ஒரு கம்பெனி ஆரம்பிப்போம் என்று 1962-ல் இறங்கினார். முதலீடு எவ்வளவு தெரியுமா? ஆறு பவுண்டு! ஆபீஸ், வீட்டுச் சாப்பாட்டு மேஜை. பெயர் 'ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்'.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். லண்டன் பங்குச் சந்தை பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டதே 1973-ல்தான். இன்னொரு சிக்கல், சாஃப்ட்வேர் என்பது அப்போது தனியாக விற்கும் சரக்கே இல்லை. மெஷின் வாங்கினால் கூடவே இலவசமாகக் கிடைக்கும். ஐ.பி.எம். கம்பெனியே சாஃப்ட்வேருக்குத் தனி விலை வைக்கப் போவதாக அறிவித்தது 1969-ல்தான். இலவசப் பொருளை விற்கக் கிளம்பிய பெண்ணைப் பார்த்துச் சிரித்தார்களாம்.

வேலை கேட்டுக் கம்பெனிகளுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். பதில் வரவில்லை. "ஸ்டெஃபனி என்று போடாமல் ஸ்டீவ் என்று கையெழுத்துப் போட்டுப் பாரேன்" என்று யோசனை சொன்னவர் அவருடைய கணவர். போட்டார். பதில்கள் வரத் தொடங்கின! அன்றிலிருந்து கடைசிவரை அவருக்கு ஸ்டீவ் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அவர் யாரை வேலைக்கு எடுத்தார் என்பதுதான் முக்கியம். கல்யாணம், குழந்தை என்று கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்த பெண்களைத் தேடிப் பிடித்தார். அவர்களுக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு டெலிபோனும் பென்சிலும் காகிதமும்தான். வீட்டிலேயே புரோகிராம் எழுதித் தபாலில் அனுப்புவார்கள். அதைக் கம்ப்யூட்டர் நிலையத்தில் அட்டையிலோ காகித நாடாவிலோ துளையிட்டுக்கொள்வார்கள். வாடிக்கையாளர் போன் செய்யும்போது குழந்தை அழுகுரல் கேட்டுவிடக் கூடாது என்று, டைப்ரைட்டர் சத்தத்தைப் பதிவு செய்து பின்னணியில் ஓடவிடுவாராம் ஸ்டெஃபனி!

காமர்ஸ் மாணவனாக எனக்கு மிகவும் பிடித்தது அவர் விலை வைத்த முறை. மணிக்கு இவ்வளவு என்று வாங்காமல், முழு வேலைக்கும் ஒரே விலை பேசினார். எழுதியவர் காலை ஒன்பது மணிக்கு எழுதினாரா, குழந்தை தூங்கிய பிறகு ராத்திரி எழுதினாரா என்று கேட்க வேண்டிய அவசியமே வாடிக்கையாளருக்கு இல்லாமல் போயிற்று. வேலை சரியாக இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. ஒலியை விட வேகமாகப் பறந்த கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான புரோகிராமை எழுதியவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்த இந்தப் பெண்கள்தான்.

முதல் 300 பணியாளர்களில் ஆண்கள் மூன்றே மூன்று பேர். இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் 1975 டிசம்பரில் பிரிட்டனின் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆண், பெண் என்று பார்த்து ஆள் எடுப்பது குற்றம். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே? பெண்களை மட்டும் எடுப்பதும் சட்டவிரோதம் ஆகிவிட்டது. ஸ்டெஃபனியின் கம்பெனி ஆண்களுக்கும் கதவைத் திறக்க வேண்டியதாயிற்று.

இது நியாயமா, அநியாயமா? முதலில் எனக்கு அநியாயமாகத்தான் பட்டது. இத்தனை வருடம் ஒரு பக்கமே சாய்ந்திருந்த தராசை ஒருவர் நிமிர்த்தப் பார்த்தால், அவர் கையையா தட்டிவிடுவது? ஆனால் கம்பெனி அதற்குப் பிறகு செய்ததைப் படித்தபோது வேறு மாதிரி யோசிக்கத் தோன்றியது. 'குழந்தை உள்ள பெண்களுக்கு வேலை' என்று இருந்த கொள்கையை, 'கவனித்துக்கொள்ள வேண்டியவர்கள் வீட்டில் இருப்பதால் வழக்கமான ஆபீஸ் வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு வேலை' என்ற திசைக்கு மாற்றினார்கள். அதாவது ஆணா பெண்ணா என்பதை விட்டுவிட்டு, வழியில் கிடந்த கல் எது என்று பார்த்தார்கள். அந்தக் கல்லில் தடுக்கி விழுந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கல்லை எடுத்தால் பெண்கள் வருவார்கள். வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஆணும் வருவார். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

லாபத்திலும் அவர் இதையே செய்தார். தன் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணியாளர்கள் கைக்கு மாற்றினார். கம்பெனி 1996-ல் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தது. பணியாளர்களில் 70 பேர் இதனால் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். சாப்பாட்டு மேஜையில் பிறந்த அந்தக் கம்பெனிதான் பின்னாளில் 'சான்சா' என்று பெயர் மாறி, நம் சென்னையிலும் ஆபீஸ் நடத்தியது. 2007-ல் அதைப் பிரான்சின் ஸ்டேரியா வாங்கியது. ஸ்டெஃபனி 2025 ஆகஸ்டில், 91 வயதில் காலமானார்.

"இதெல்லாம் பழைய கதை, இப்போது கம்ப்யூட்டரே பாரபட்சம் இல்லாமல் ஆள் எடுத்துவிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. விண்ணப்பங்களுக்குத் தானாக மதிப்பெண் போடும் ஒரு கருவியை அமேசான் 2014-ல் உருவாக்கத் தொடங்கியது. முந்தைய பத்து வருடங்களில் வந்த ரெஸ்யூமேக்களைக் கொடுத்து அதற்குப் பாடம் நடத்தினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. விளைவு? 'பெண்கள்' என்ற சொல் வரும் ரெஸ்யூமேக்களுக்கு அது மதிப்பெண் குறைத்தது. பெண்கள் கல்லூரிகள் இரண்டில் படித்தவர்களையும் கீழே தள்ளியது. சரிசெய்து பார்த்தும் நம்பிக்கை வராமல் அதைக் கைவிட்டார்கள். 2018-ல் ராய்ட்டர்ஸ் மூலம் இது வெளியே வந்தது.

1962-ல் பெயரைப் பார்த்துக் கடிதத்தை ஒதுக்கினார்கள் மனிதர்கள். அந்த மாதிரி முடிவுகளையே பாடமாகப் படித்த மெஷினும் வேறென்ன செய்யும்? பழைய கணக்குப் புத்தகம் தப்பாக இருந்தால், அதிலிருந்து எடுத்து எழுதும் புதுப் புத்தகமும் தப்பாகத்தான் இருக்கும். இது எங்கள் அக்கவுண்ட்ஸ் வகுப்பில் முதல் வருடமே சொல்லிக்கொடுப்பது!

அதனால் ஒதுக்கீடு வேண்டுமா, வேண்டாமா என்று மோதிக்கொள்வதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்கலாம் என்று தோன்றுகிறது. இந்த வேலைக்கு நாம் வைத்திருக்கும் நிபந்தனைகளில் எது உண்மையிலேயே வேலைக்குத் தேவை, எது வெறும் பழக்கம்? ஒன்பது மணிக்கு ஆபீஸில் இருப்பது, இடையில் ஒரு வருடம்கூட விடாமல் வேலை பார்த்திருப்பது, இன்ன கல்லூரியில் படித்திருப்பது... இதில் எது இல்லாமல் போனால் கான்கார்ட் கறுப்புப் பெட்டி வேலை செய்யாது?

உங்கள் பதில் வேறாக இருந்தால் சொல்லுங்கள், சண்டை போடலாம்.