முரளியின் கையும் சின்னசாமியின் பயணமும்

முத்தையா முரளிதரன் பேச்சு வந்தா எல்லாரும் அவர் கையைத்தான் பேசுவாங்க. 1995 டிசம்பர் 26, மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயார் ஏழு தடவை 'நோ போல்' சொன்னது, ஆய்வுகூடத்தில் முழங்கையை அளந்தது, 2005இல் எல்லாப் பந்துவீச்சாளருக்கும் 15 பாகை வரை விட்டுக்கொடுத்து விதி வந்தது, 133 டெஸ்ட், 800 விக்கெட்... எல்லாம் எங்களுக்கு மனப்பாடம்.

நாங்க பார்க்க நினைக்கிறது அவருடைய தாத்தாவை. பெரியசாமி சின்னசாமி 1920இல் தென்னிந்தியாவில் இருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பிற்காலத்தில் மகள்மாரோட திருச்சிக்கே போயிட்டார். மகன்கள் இங்கேயே தங்கிட்டாங்க. ஒரே குடும்பம், கடலுக்கு ரெண்டு பக்கமும். 1948 பிரசாவுரிமைச் சட்டம் எங்க ஆட்களை நாடற்றவங்களாக்கிச்சு. 1964இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்குன்னு தலையை எண்ணிப் பிரிச்சது. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம்னு விட்டாங்க. பட்டிப்பொல பக்கம் 'அக்கரைக்குப் போன' சொந்தம் பற்றிய கதைக்குப் பஞ்சமில்லை.

முரளி பிறந்தது 1972இல், கண்டியில், லயத்தில் இல்லை. அப்பா பிஸ்கட் தொழில் நடத்தினார். மகன் படிச்சது புனித அந்தோனியார் கல்லூரியில். மிதவேகமாப் போட்டுக்கிட்டிருந்த பையனை 14 வயசில் சுழலுக்கு மாத்தினவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. 'தோட்டத்துப் பையன் உலகத்தையே வென்றான்'னு மேடையில் பேசுறவங்க இதைச் சொல்றதில்லை. தோட்டத்தை விட்டு இறங்கின குடும்பத்துக்குத்தான் மைதானமும் பயிற்றுநரும் கிடைச்சாங்க. எங்க மலைச்சரிவுப் பாடசாலைகளில் தட்டையா ஒரு துண்டு நிலம் இருந்தாலே பெரிய விஷயம்!

2020இல் '800' படப் பிரச்சினை. முரளியாக விஜய் சேதுபதி நடிக்கக் கூடாதுன்னு தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பிச்சு. போர் முடிவைப் பற்றி முரளி பேசினது பலரை நோகடிச்சது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. கோட்டாபயவுக்கு அவர் கொடுத்த ஆதரவை நாங்களும் ஏத்துக்கல. கடைசியில் சேதுபதியை விலகச் சொல்லிக் கேட்டதும் முரளிதான். வேறு நடிகரோட 2023இல் படம் வந்தது.

அந்தச் சண்டையில் அவரே ஓர் அறிக்கையில் தன் தோட்டத் தொழிலாளர் வம்சாவளியைச் சொன்னார். காதில் வாங்கினவங்க கொஞ்சப் பேர். எதிர்த்தவங்க ஈழத்தமிழர் கணக்கில் அவரைத் துரோகின்னாங்க, ஆதரிச்சவங்க வெறும் விளையாட்டு வீரர்னாங்க. 1920இல் மலையேறின சின்னசாமியை ரெண்டு பக்கமும் விசாரிக்கல.