மின்சாரமே ரகசியத்தைச் சொல்லிவிடுமா? ஏடிஎம் கார்டு சிப்பைக் காப்பது எப்படி?

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் ஏடிஎம்மில் கார்டைச் செருகியதும், அதிலுள்ள தங்க நிற சிப் கணக்குப் போடத் தொடங்குகிறது. 2018 டிசம்பர் 31-க்குள் காந்தப்பட்டை கார்டுகளை மாற்றச் சொல்லி ரிசர்வ் வங்கி கொண்டுவந்த சிப்தான் இது. உள்ளே இருக்கும் ரகசியச் சாவி எண் வெளியே வராது. ஆனா, கணக்குப் போட மின்சாரம் வேணுமே, சிக்கலே அங்கதான்.

ஈபி மீட்டர் கணக்கு

வாசலில் இருக்கும் ஈபி மீட்டரைப் பாருங்க. கதவைத் திறக்காமலே உள்ளே ஏசி ஓடுதா இல்லையான்னு சொல்லிடலாம். சிப்பிலும் கையாளும் எண்ணுக்கு ஏற்ப மின் நுகர்வு துளி ஏறி இறங்கும். அதைப் பலமுறை அளந்து ஒப்பிட்டுச் சாவியைக் கறப்பதுதான் 'சைடு சேனல்' தாக்குதல். கணக்குக்கு ஆகும் நேரத்தை வைத்தே சாவியைப் பிடிக்கலாம் என 1996-ல் பால் கோச்சர் காட்டினார். மின் நுகர்வை வைத்துப் பிடிக்கும் முறையை 1999-ல் அவரது குழு வெளியிட்டது. இதற்கு கார்டும் அளவிடும் கருவியும் கையில் இருக்க வேண்டும். போனில் ஓடிபி கேட்டு ஏமாற்றுபவர்களுக்கு இவ்வளவு மெனக்கெடல் கிடையாது.

தடுப்பது எப்படி?

சாவி எதுவானாலும் ஒரே நேரம் ஆகும்படி சர்க்யூட்டை அமைப்பது முதல் வேலை. அடுத்தது 'மாஸ்கிங்'. ஒவ்வொரு முறையும் ரகசியத்தைப் புது ரேண்டம் எண்ணோடு கலந்து, துண்டு துண்டாக்கிக் கணக்கிடுவார்கள். ஒரு துண்டை மட்டும் அளந்தால் ஒண்ணும் புரியாது.

காகிதத்தில் இது பக்கா. சிலிக்கானில் சிக்னல்கள் சற்று முன்னப்பின்ன வந்து சேரும். அந்த நொடிக்கும் குறைவான இடைவெளியில் துண்டுகள் கலந்து, மறைத்தது கசியும். 2006-ல் வந்த 'த்ரெஷோல்ட் இம்ப்ளிமென்டேஷன்' முறையில், சர்க்யூட்டின் எந்தப் பகுதிக்கும் எல்லாத் துண்டுகளும் சேர்ந்து போகாது. பதிலுக்கு சிப் பெரிசாகும், செலவும் கூடும்.

அப்புறம் சரி பண்ணலாமா?

எப்போதும் முடியாது. இன்ஃபினியான் பாதுகாப்பு சிப்களில் இருந்த ஓட்டையை 2024-ல் நின்ஜாலேப் ஆய்வாளர் தாமஸ் ரோஷ் வெளிப்படுத்தினார். ஒரு கணக்குக்கு ஆகும் நேரம் மாறுவது மின்காந்த அலையில் தெரிந்தது. சுமார் 80 உயர்மட்டச் சான்றிதழ் சோதனைகளைத் தாண்டி, 14 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்த ஓட்டை அது! அந்த சிப் உள்ள பழைய 'யூபிகீ'களில் ஃபர்ம்வேரை அப்டேட் செய்ய வழியே இல்லை.

நம்ம ஊர்ப் பக்கம், சென்னை ஐஐடி 'சக்தி' என்ற பிராசஸரை உருவாக்கியிருக்கிறது. அதன் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தது. சைடு சேனல் ஆய்வும் அங்கே நடக்கிறது. காரக்பூர் ஐஐடியிலும் நடக்கிறது.