தறிக்குழியும் எறும்பும்

ஆரணியின் வரலாறு என்றதும் புத்தகங்களில் ஜாகீர்தார் வருகிறார், 1751-ல் இங்கே போரிட்ட கிளைவ் வருகிறார், 1782-ல் ஹைதர் அலி வருகிறார். அப்புறம் பட்டு, தறி. தறிக்குக் கீழே கிடந்த தரை மட்டும் வருவதேயில்லை. நான் அந்தத் தரையிலிருந்தும் அதில் குடியிருந்த எறும்பிலிருந்தும் தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டில் குழித்தறி. மண்தரையில் வெட்டிய குழிக்குள் கால்விட்டு அப்பா மிதி மிதிப்பார். குழிச்சுவரில் கட்டெறும்பு வளைகள். விடிகாலையில் தெருவில் புங்கமரத்தடியில் பாவு விரித்துக் கஞ்சி போடுவார்கள். சிந்திய கஞ்சிக்கும் கோலத்தின் அரிசி மாவுக்கும் எறும்பு சாரைசாரையாக வரும். 'மிதிக்காதடா, அதுங்களுக்கும் வயிறு இருக்குது' என்பாள் ஆயா.

அந்தப் புங்கமரத்தில் முசுறுக் கூடுகள். முசுறு தன் இளம்புழுவை வாயில் கவ்வி, அது விடும் பட்டிழையால் இலைகளை ஒட்டிக் கூடு கட்டும். இழையைக் கூட்டுக்குக் கொடுத்துவிட்ட புழு தனக்கென்று உறை கட்டிக்கொள்வதில்லை. நாமோ உறையைப் புழுவோடு சேர்த்து வேகவைத்து நூலெடுக்கிறோம். ஒரே தெருவில் இரண்டு பட்டுத்தொழில்கள் நடந்தன.

மதராஸ் படை மருத்துவர் ஜெர்டன் 1851-ல் தென்னிந்திய எறும்புகளைப் பட்டியலிட்டபோது, மண்ணுக்குள் கூடமைத்துப் பாய்ந்து வேட்டையாடும் எறும்பொன்றையும் விவரித்தார். மண்ணை மூடி, சருகை வாரி, மரத்தை வெட்டினால் இப்படிப்பட்டவை போய்விடும். நகரத்தில் எறும்பு குறைந்துவிட்டதா என்று கேட்டால் சிரிப்பார்கள். சர்க்கரை டப்பாவைத் திறந்தால் தெரியும். குறைந்தது வகை. மிஞ்சுபவை விரிசலில் வாழ்ந்து, நினைத்தபோது கூட்டை மாற்றிக்கொள்பவை. நம் வீடுகளில் திரியும் மூன்றை எடுத்துக்கொள்வோம். அறிவியல் அவற்றுக்குப் பெயரிட்டது 1758-ல் எகிப்திலிருந்தும், 1793-ல் தென் அமெரிக்கக் கெயெனிலிருந்தும், 1802-ல் செனகலிலிருந்தும் கிடைத்த மாதிரிகளை வைத்து. சரக்கோடு கப்பலேறி உலகெங்கும் பரவியவை இவை. எந்த ஊரிலும் பிழைக்கும் இவற்றைப் பார்த்து இது எந்த ஊர் என்று சொல்ல முடியாது.

இப்படி எழுதும்போது மண்தரையைப் புனிதப்படுத்தும் ஆபத்து இருக்கிறது. மழைக்காலத்தில் குழிக்குள் ஈரம் ஊறும். அப்பாவின் முழங்கால் வீங்கும். சிமெண்ட் தரை போட்ட அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். சுற்றுச்சூழல் பேசும் நடுத்தர வர்க்கத்துக்கு அழகாகத் தெரியும் மண்தரை, நெசவாளிக்கு வறுமையின் அடையாளம். அவர் அதை மூடியதைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆனால் தெருவை யார் மூடினார்கள்? வீட்டுத்தரை எங்கள் விருப்பம். தெருவுக்கு சிமெண்ட் போட்டதும், சாலைக்காகப் புங்கமரத்தை வெட்டியதும் எங்களைக் கேட்டு நடக்கவில்லை. அன்றே முசுறு போனது. நிழலும் போனது. வெயில் ஏறினால் கஞ்சி சட்டென்று காய்ந்து இழை முறியும். பாவு போட இடமில்லை. எறும்பின் வாழிடமும் நெசவாளியின் தொழிலிடமும் ஒரே மரத்தடியாக இருந்ததை, பல்லுயிர் பற்றிய அறிக்கைகளும் கைத்தறி பற்றிய அறிக்கைகளும் தனித்தனியாக எழுதப்படுவதால் நாம் காணாமல் விடுகிறோம்.

மரம் விழுந்த அன்று அப்பா ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம், 'நாளைக்குப் பாவ எங்கடா விரிக்கிறது?' என்று மட்டும் கேட்டார். ஆரணியின் வரலாற்றை அந்தக் கேள்வியிலிருந்து எழுதலாம்.