தண்டவாளங்களைக் காப்பாற்றியவர்கள்

அடுப்பை அணைத்து, எண்ணெய்ச் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து, குப்பைப் பைகளைப் பின்வாசலில் கொண்டுபோய் வைக்கையில் இரவு இரண்டு மணியாகிவிடும். சப்வே அதற்கு முன்னரே நின்றுவிடும். டாக்ஸி பிடித்தால் அன்றைய உழைப்பில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். ஆகவே கொலிச் வீதியோரத்தில், குளிரில் காலை மாற்றி மாற்றி ஊன்றியபடி 306ஆம் இலக்க ஸ்ரீற்காருக்காகக் காத்து நிற்போம். கோப்பை கழுவுகிறவர்கள், மரக்கறி வெட்டுகிறவர்கள், அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறவர்கள், இரவுக் காவலாளிகள் என்று எந்நேரமும் அதே முகங்கள்தான். பார்லிமென்ற் வீதியில் இறங்கி சென் ஜேம்ஸ் ரவுன் மாடிக் குடியிருப்பை நோக்கி நடப்போம்.

மழையும் பனியும் போல இந்த வண்டியும் இந்நகரத்துக்கு இயல்பான ஒன்று என்றே நாங்கள் வெகுகாலம் எண்ணியிருந்தோம். யாழ்ப்பாணத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி அதை இடைநடுவில் விட்டு வந்தவர்கள் நாங்கள். விட்ட பழக்கம் முற்றாக விடவில்லை. விடுமுறை நாட்களில் பொது நூலகத்தில் ரொறொன்ரோவின் கதையைத் தேடிப் படித்தபோதுதான், இந்த வண்டி 1980ஆம் ஆண்டோடு இல்லாமற்போயிருக்க வேண்டியது என்று அறிந்தோம். அது இன்றும் ஓடுவதற்குக் காரணம் இந்நகரத்தின் சாதாரண குடியிருப்பாளர் சிலர்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னர் வட அமெரிக்க நகரங்கள் பலவும் தங்கள் தண்டவாளங்களைப் பிடுங்கி எறிந்தன. காரும் பஸ்ஸுமே நாகரிகம், ஸ்ரீற்கார் பழைய காலத்து மிச்சம் என்பது அன்றைய எண்ணம். மொன்றியலில் கடைசி ஸ்ரீற்கார் 1959இல் ஓடி முடிந்தது. கிளீவ்லண்ட், சின்சினாற்றி, கன்சாஸ் சிற்றி போன்ற அமெரிக்க நகரங்கள் வேண்டாமென்று விட்ட வண்டிகளை ரொறொன்ரோ மலிவாக வாங்கி ஓட்டியது. ஆனால் 1954இல் யங் வீதியின் கீழ் சப்வே ஓடத் தொடங்கிய பிறகு இங்கும் காற்று மாறியது. 1980க்குள் ஸ்ரீற்கார்களை முற்றாக நிறுத்திவிடுவதென்று 1966இல் ரி.ரி.சி. திட்டமிட்டது.

அதே காலத்தில் இன்னொரு போராட்டமும் நடந்தது. வடக்கிலிருந்து நகரத்தின் நடுப்பகுதிவரை ஸ்பதைனா வழியாகப் பெருஞ்சாலை ஒன்றை அமைக்க 1962இல் அனுமதி வழங்கப்பட்டிருந்தது. அது நகருக்குள் வந்திருந்தால் பல வீடுகளும் குடியிருப்புகளும் இடிபட்டிருக்கும். 1969இல் குடியிருப்பாளர்களும் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து அதை எதிர்க்க ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். அதில் முன்னின்றவர்களில் ஒருவர் ஜேன் ஜேக்கப்ஸ். நகரங்களைப் பற்றி எழுதிப் பெயர்பெற்ற அமெரிக்கர். வியட்நாம் யுத்தத்துக்குத் தன் பிள்ளைகள் கொண்டுசெல்லப்படக் கூடாதென்று 1968இல் குடும்பத்தோடு ரொறொன்ரோவுக்கு வந்தவர். இதை வாசித்தபோது புத்தகத்தைச் சற்று மூடிவைத்தோம். பிள்ளைகளை யுத்தத்திலிருந்து காப்பாற்ற ஊரைவிட்ட தாய்மார்களை எங்களுக்குத் தெரியும். அவர் எங்களைப்போல் வந்தவரல்லர் என்பது உண்மைதான். பெயரும் மொழியும் கையிலிருக்க வந்தவர். ஆயினும் அவர் கனேடியக் குடியுரிமை பெற்றது 1974இல். ஸ்பதைனாவுக்காகக் கூட்டங்களில் அவர் எழுந்து பேசியபோது வாக்குரிமைகூட இல்லாத வந்தேறிதான்.

1971 பெப்ரவரியில் மாகாணத்தின் தீர்ப்புச்சபை பெருஞ்சாலைக்குச் சார்பாக முடிவு சொன்னது. எதிர்த்தவர்கள் சோர்ந்துவிடாமல் ஒன்ராறியோ அமைச்சரவையிடம் முறையிட்டார்கள். அவ்வாண்டு ஜூன் 3ஆம் திகதி முதலமைச்சர் பில் டேவிஸ் அத்திட்டத்தைக் கைவிட்டார். போக்குவரத்து என்பது காருக்காக அல்ல, மனிதருக்காக என்பதே அவர் சொன்ன காரணத்தின் சாரம். இன்றும் அந்தச் சாலை எக்ளின்ரன் வீதியோடு முறிந்து நிற்கிறது.

இந்த வெற்றி மக்களுக்குத் துணிவைத் தந்தது. அடுத்த ஆண்டே சென் கிளயர் வீதியின் ஸ்ரீற்காரை நிறுத்தும் பேச்சு எழுந்தது. யங் சப்வே வடக்கே நீளும்போது அங்கு மிஞ்சும் மின்கம்பி பஸ்களை சென் கிளயரில் விடுவது ரி.ரி.சி.யின் யோசனை. பல்கலைக்கழகப் பேராசிரியர் அன்ட்ரூ பீமில்லரின் தலைமையில், வில்லியம் கில்போன், போல் பிக்கெற் என்ற இரு நகரசபை உறுப்பினர்களின் துணையோடு ஸ்ரீற்கார்களைக் காக்க ஒரு குழு அமைந்தது. ஸ்ரீவ் மன்றோ போன்ற இளைஞர்களும் அதில் இருந்தார்கள்.

இவர்கள் தண்டவாளத்தில் குறுக்கே படுக்கவில்லை. பழைய வண்டி அழகானது, அதை இழக்க மனம் வரவில்லை என்று கண்ணீர்விடவும் இல்லை. கணக்குப் பார்த்தார்கள். ஒரு ஸ்ரீற்கார் எத்தனை பேரை ஏற்றும், ஒரு பஸ் எத்தனை பேரை ஏற்றும், வேலைக்குப் போகும் நேரத்தில் எத்தனை வண்டிகள் ஓடுகின்றன, அதே அளவு மக்களை ஏற்ற எத்தனை பஸ்கள் வேண்டும், அத்தனை பஸ்கள் ரி.ரி.சி.யின் கையில் உள்ளனவா? மாற்றம் என்ற பெயரில் வரப்போவது சேவைக் குறைப்பே என்று எண்களைக்கொண்டு காட்டினார்கள். ஸ்ரீற்கார் பஸ்ஸைவிட நீண்டகாலம் உழைக்கும் என்பதையும் எடுத்துரைத்தார்கள். நகரசபை அவர்கள் பக்கம் சாய்ந்தது. 1972 நவம்பர் 7ஆம் திகதி ரி.ரி.சி. ஆணையாளர்கள் தமது பழைய கொள்கையை மாற்றி, ஸ்ரீற்கார்களை வைத்திருக்க வாக்களித்தார்கள். அதன் பின்னர் புதிய வண்டிகள் 196 செய்விக்கப்பட்டு 1979இலிருந்து ஓடின. நாங்கள் இந்நகருக்கு வந்து ஏறிய முதல் வண்டி அவற்றில் ஒன்று. அவற்றின் கடைசி ஓட்டம் 2019 டிசம்பரில் முடிந்தது. இப்போது 30 மீற்றர் நீளமான தாழ்தள வண்டிகள் ஓடுகின்றன.

அதை முழுவெற்றி என்று சொல்லிவிட முடியாது. றொஜர்ஸ் வீதி வண்டி 1974இலும், மவுண்ட் பிளசன்ற் வண்டி 1976இலும் நின்றுபோயின. குடியிருப்பாளர் சேர்ந்து கேட்பதெல்லாம் நியாயமென்றும் நாங்கள் சொல்ல வரவில்லை. அதே சென் கிளயர் வீதியில் ஸ்ரீற்காருக்குத் தனிப்பாதை அமைக்க முற்பட்டபோது, அவ்வீதியின் குடியிருப்பாளரும் கடைக்காரரும் சிலர் அதற்கெதிராக வழக்குப் போட்டு 2005இல் வேலையைத் தடுத்துவைத்தார்கள். தடை நீங்கி அப்பாதை 2010இல்தான் நிறைவுற்றது. யாருடைய வசதி, யாருடைய செலவில் என்ற கேள்வியை ஒவ்வொரு தடவையும் கேட்கத்தான் வேண்டும்.

கேட்கப்படாமல் முடிவாகும் காரியங்கள் எப்படிப் போகும் என்பதற்கு எம்மவர் பெருவாரியாக வாழும் ஸ்காபரோவே சாட்சி. கென்னடி நிலையத்திலிருந்து ஸ்காபரோ மையத்துக்கு ஸ்ரீற்கார் பாதை போடவே ரி.ரி.சி. முதலில் எண்ணியிருந்தது. மாகாண அரசு தன் நிறுவனம் உருவாக்கிய புதுவகை ரயிலை அங்கே ஓட்ட வேண்டுமென்று நின்றது. 1985இல் ஆறு நிலையங்களோடு அது ஓடத் தொடங்கியது. பனிகாலத்தில் அது நின்று நின்று போன கதையை ஸ்காபரோ நண்பர்கள் எல்லோருமே சொல்வார்கள். 2023 ஜூலை 24ஆம் திகதி அதன் பின்பெட்டி தடம்புரண்டது. பிறகு அந்த ரயில் ஓடவேயில்லை. அதனால் பஸ்ஸில் நெருக்குண்டு போகவேண்டியதாயிற்று. பழைய ரயில்பாதையைப் பஸ்களுக்கெனத் தனிப்பாதையாக மாற்றுங்கள் என்று பயணிகள் கேட்டுப் போராடியதன் பின்னரே நகரசபை அதற்குப் பணம் ஒதுக்கியது.

எங்களுடைய ஊர் ரயிலுக்கு என்ன நடந்தது என்பதை வாசகர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. சிலிப்பர்க் கட்டைகளும் தண்டவாளங்களும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தபோது நாங்கள் அங்கே இல்லை. அப்பாமார் சொன்ன கதையில்தான் எங்கள் தலைமுறை அந்த ரயிலில் ஏறியது. அந்தப் பாதை வேண்டுமா வேண்டாமா என்று ஊரில் யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒரு மேசையோ, சொல்வதற்கு ஒரு கூட்டமோ இருக்கவில்லை.

இங்கே மேசை இருக்கிறது. ரி.ரி.சி. கூட்டத்திலோ நகரசபைக் குழுவிலோ பேசப் பெயர் பதிந்தால் சில நிமிடம் தருவார்கள். கையில் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று கேட்பதில்லை. ஆனால் நாங்கள் போவதில்லை. இது அவர்களுடைய நாடு, எங்களுக்கேன் வம்பு என்கிறோம். கூட்டம் நடக்கும் பகல்வேளையில் நித்திரை கொள்கிறோம் என்பதும் உண்மை.

சென்ற பனிகாலத்தில் எங்கள் தரிப்பிடக் கம்பத்தில் ஓர் அறிவித்தல் கட்டியிருந்தது. வண்டி வரும் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு மிச்சத்தை வாசிக்காமல் விட்டோம். அது ஒரு பொதுக்கூட்டத்துக்கான அழைப்பு என்பது கூட்டம் முடிந்த பிறகே தெரிந்தது. நள்ளிரவு வண்டியில் எத்தனை பேர் வருகிறோம், எங்கே இறங்குகிறோம், அது பத்து நிமிடம் பிந்தினால் யாருக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் தினமும் வருகிற எங்களுக்குத்தான் தெரியும். 1972இல் அந்தக் குழு கணக்குப் போட்டதுபோல நாங்களும் போடலாம். இப்போது ஒரு கொப்பியில் எண்ணி எழுதத் தொடங்கியிருக்கிறோம். நேற்றிரவு இரண்டேகால் மணி வண்டியில், எங்களையும் சேர்த்து, முப்பத்தொரு பேர்.