பரிமாற்றமும் பெயர்ச்சியும்: ஐரோப்பிய உயர்கல்வி ஒப்பாக்கம் தொடாத கணக்கு

1999 ஜூன் 19 அன்று இத்தாலியின் பொலோஞாவில் 29 நாடுகளின் கல்வி அமைச்சர்கள் உயர்கல்வியை ஒப்பாக்கக் கையெழுத்திட்ட அறிக்கை சட்டமும் அன்று, உடன்படிக்கையும் அன்று. மீறுவோருக்குத் தண்டனை இல்லை; நிறைவேற்றப் பொது நிதியும் இல்லை. கல்வித் துறையில் உறுப்பு நாடுகளின் சட்டங்களை ஒருமைப்படுத்தும் அதிகாரம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு இல்லை என்று அதன் அடிப்படை உடன்படிக்கையே வரம்பு கட்டியிருக்கிறது. அதனால் உயர்கல்வி ஒப்பாக்கம் ஒன்றியத்தின் சட்ட எல்லைக்கு வெளியே, அரசுகள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடாகவே வளர்ந்தது. மாணவர் பெயர்ச்சியில் இன்று நாம் காணும் சிக்கல்களுக்கு இந்தப் பிறப்பே காரணம் என்பது என் வாதம். தனியே செலவு வைக்காதவற்றை எல்லாம் பொலோஞா ஒப்பாக்கியது. எல்லை தாண்டி வரும் மாணவரின் படிப்புச் செலவு யாருடையது என்ற கேள்வியை அது எடுக்கவே இல்லை.

ஒப்பாக்கப்பட்டவை எவை? இளங்கலை, முதுகலை, முனைவர் என்ற மூன்று படிநிலை. முழுநேரப் படிப்பின் ஓராண்டுக்கு 60 கிரெடிட் என்ற அளவுகோல். ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இந்த இடைவெளி சிறிதாகத் தோன்றலாம். ஆஸ்திரியாவில் 60 கிரெடிட்டுக்குச் சட்டப்படி 1,500 மணி நேரம். 30 மணி என்று கணக்கிடும் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் அதே 60 கிரெடிட் 1,800 மணி நேரம். மதிப்பெண் விஷயம் இன்னும் வேடிக்கை. பிரான்சில் 20க்கு 14 வாங்கிய மாணவர் நன்றாகப் படிப்பவர். அங்கே 16ஐத் தொடுவதே அரிது. இத்தாலியில் மதிப்பெண் 30க்கு. தேற 18 வேண்டும். நல்ல மாணவர்கள் 28, 29 என்று குவிப்பார்கள். பிரெஞ்சு 14ஐ விகிதக் கணக்கில் மாற்றினால் 21. கெட்டிக்காரப் பெண்ணொருத்தி எல்லையைக் கடந்த கையோடு தப்பித் தேறியவள் ஆகிவிடுகிறாள். இதற்காகவே ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் மதிப்பெண் பரவலைப் பட்டியலாகத் தரவேண்டும் என்ற யோசனை வந்தது. ஆனால் பட்டியலைப் பார்த்து முடிவெடுப்பவர் துறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பேராசிரியர்தான். 1997இன் லிஸ்பன் உடன்படிக்கை, கணிசமான வேறுபாடு இருப்பதாகப் பல்கலைக்கழகம் காட்டினாலொழிய வெளிநாட்டுப் படிப்பை ஏற்க வேண்டும் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை மாற்றி வைத்தது. எது கணிசம் என்பதை இன்றும் அந்தப் பேராசிரியரின் மேசைதான் தீர்மானிக்கிறது.

எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டம் பொலோஞாவுக்குப் பன்னிரண்டு ஆண்டு மூத்தது. அதன் விதையும் ஓர் அவமதிப்பில் இருக்கிறது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்ட முதுகலை முடித்து 1958இல் ரோமுக்குத் திரும்பிய இத்தாலிய மாணவி சோபியா கொராடியின் படிப்பைச் சபியென்சா பல்கலைக்கழகம் ஏற்க மறுத்தது. பின்னாளில் அவர் இத்தாலியத் துணைவேந்தர்கள் அவையில் பணியாற்றியபோது, வெளிநாட்டில் படித்ததைத் தாய்ப் பல்கலைக்கழகம் ஏற்கும் திட்டத்தை 1969 முதல் முன்வைத்து வந்தார். 1987இல் 11 நாடுகள், 3,244 மாணவர்களுடன் எராஸ்மஸ் தொடங்கியது.

அது வேர்பிடித்ததற்குக் காரணம் கிரெடிட் முறை என்று சொல்வது வழக்கம். ஆனால் கிரெடிட் முறை சோதனையாக வந்ததே 1989இல்தான். என் பார்வையில் காரணம் பண்டமாற்று. இரு பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை எழுதி ஒப்பந்தம் செய்கின்றன. வருபவரிடம் கட்டணம் கேட்பதில்லை. போனவர் தாய் நிறுவனத்தின் மாணவராகவே நீடிக்கிறார். வரவும் போக்கும் ஏறக்குறையச் சமமாக இருக்கும்வரை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. உதவித்தொகை போதாமையால் வசதியான வீட்டுப் பிள்ளைகளே அதிகம் போகிறார்கள் என்பது வேறு குறை.

முழுப் பட்டத்துக்காக இடம் பெயர்பவர் கதை அப்படியல்ல. எராஸ்மஸுக்கு முன்பே, பெல்ஜியத்தின் லியேஜில் சித்திரக்கதைக் கலை பயில வந்த ஒரு பிரெஞ்சு மாணவியிடம், பெல்ஜியரிடம் கேட்காத கட்டணம் கேட்கப்பட்டது. அது பாகுபாடு என்று 1985இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று திறந்த கதவு இருபதாண்டு கழித்து ஆஸ்திரியாவில் முட்டியது. வெளிநாட்டுப் பள்ளிச் சான்றிதழ் உள்ளவர், தம் நாட்டிலும் அதே படிப்பில் இடம் பெறத் தகுதி உண்டென்று காட்ட வேண்டும் என்பது ஆஸ்திரிய விதி. 2005 ஜூலையில் நீதிமன்றம் அது ஒன்றியச் சட்டத்துக்கு முரண் என்றது. சொந்த நாட்டில் மருத்துவ இடத்துக்கு மதிப்பெண் போதாத ஜெர்மானியர்கள் வியன்னா, கிராஸ், இன்ஸ்புருக் நோக்கித் திரண்டனர். மொழி ஒன்று, கட்டணம் சொற்பம். மறு ஆண்டே ஆஸ்திரியா மருத்துவ இடங்களில் 75 விழுக்காட்டை உள்நாட்டுச் சான்றிதழ் உள்ளோருக்கும், 20 விழுக்காட்டை ஒன்றிய நாட்டினருக்கும், எஞ்சிய 5 விழுக்காட்டைப் பிறருக்கும் வகுத்தது. அதே 2006இல் பெல்ஜியத்தின் பிரெஞ்சு மொழிச் சமூக அரசு, கால்நடை மருத்துவம், இயன்முறை மருத்துவம் போன்ற படிப்புகளில் அங்கு வசிக்காதவர்களை 30 விழுக்காட்டுக்குள் நிறுத்தி, அந்த இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கியது. ஒரே தரம், ஒரே பரப்பு என்று பேசப்பட்ட உயர்கல்வியில் தகுதி திருவுளச்சீட்டுக்குப் போயிற்று.

இந்த உச்சவரம்பை எதிர்த்த பெல்ஜிய வழக்கில் 2010இல் நீதிமன்றம் சொன்னது கவனத்துக்குரியது. நிதிச்சுமை என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. பொதுச் சுகாதாரம் பாதிக்கப்படும் என்று தரவுகளோடு நிறுவினால் கட்டுப்பாடு செல்லலாம் என்றது. விளைவாக, பணத்தைப் பற்றிய சண்டையை மருத்துவர் பற்றாக்குறை என்ற வேடத்தில் நடத்த வேண்டியதாயிற்று. 2017இல் ஆஸ்திரியாவின் மருத்துவ ஒதுக்கீட்டை ஐரோப்பிய ஆணையம் ஏற்றுக்கொண்டதும், பல்மருத்துவத்தில் அதைக் கைவிடச் சொன்னதும் இந்த அளவுகோலின்படிதான்.

பண்டமாற்றும் சமன் குலைந்தால் தாங்காது என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. அனுப்பியதைவிட அதிகம் பேரை வரவேற்ற அந்நாடு, ஒன்றியத்தை விட்டு நீங்கியபோது செலவைக் காரணம் காட்டி எராஸ்மஸையும் கைவிட்டது; 2027இல் மீண்டும் சேர இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறது. 2020க்குள் பட்டதாரிகளில் 20 விழுக்காட்டினர் வெளிநாட்டில் பயின்றிருக்க வேண்டும் என்று 2009இல் பெல்ஜியத்தின் லூவனில் பொலோஞா நாடுகளின் அமைச்சர்கள் வைத்த இலக்கும் எட்டப்படவில்லை. இலக்கு வைத்தவர்கள் அதற்கான பணப்பையை வைக்கவில்லை.

வழி தெரியாமல் இல்லை. 1996இன் நோர்டிக் உடன்பாட்டில் டென்மார்க், பின்லாந்து, நார்வே, ஸ்வீடன் அரசுகள் தம் மாணவர் அண்டை நாட்டில் படிப்பதற்கு ஈட்டுத்தொகை செலுத்த இசைந்தன. ஸ்விட்சர்லாந்தில், பல்கலைக்கழகம் இருக்கும் மாநிலத்துக்கு மாணவரின் சொந்த மாநிலம் பணம் கட்டுகிறது. எந்தப் புலத்தில் படிக்கிறார் என்பதற்கேற்பத் தொகை மாறும். ஜெர்மனி ஆஸ்திரியாவுக்கு இப்படிக் கட்டியிருந்தால் இன்ஸ்புருக்கில் ஒதுக்கீட்டின் தேவை பெரிதும் குறைந்திருக்கும்.

இதற்கு எதிரான வலுவான வாதம் பல்கேரியா, ருமேனியா போன்ற நாடுகளிலிருந்து வரும். படிக்கப் போய்த் திரும்பாத பிள்ளைக்காக ஏழை நாடு பணக்கார நாட்டுக்குப் பணம் கட்டுவதா? அந்த ஆட்சேபம் நியாயமானது. நோர்டிக் முறை ஓடுவதற்கு அந்த நாடுகளின் வருமானம் நெருங்கியிருப்பதும் ஒரு காரணம். எனவே ஈட்டுத்தொகையை அண்டை நாடுகளுக்கிடையே, மருத்துவம் போன்ற இடநெருக்கடிப் படிப்புகளில் மட்டும் தொடங்கலாம். வருமானம் குறைந்த நாடுகளின் பங்கை ஒன்றிய நிதி ஏற்கலாம். பட்டங்களின் பெயரை ஒருமைப்படுத்த 29 கையெழுத்துகள் தேவைப்பட்டன. இதைத் தொடங்க வியன்னாவும் பெர்லினும் போதும்.